வில்லியம் எஸ். ஹார்ட்: 49 வயதில் வந்த கௌபாய். எந்தப் படத்தில் தொடங்குவது, எந்தப் பிரதியைத் தவிர்ப்பது?

சுருள்பெட்டி

மௌனப்பட வெஸ்டர்ன், அதாவது அமெரிக்கக் கௌபாய் படம் என்றாலே பேச்சு டாம் மிக்ஸ் என்ற நட்சத்திரத்தின் பக்கம் ஓடிவிடுகிறது. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த வில்லியம் எஸ். ஹார்ட்டுக்குத் தனியாக ஓர் இழை வேண்டும் என்று தோன்றியது.

பிறப்பு 1864 டிசம்பர் 6, நியூயார்க் மாகாணத்தில் நியூபர்க். கேமரா முன்னால் முதலில் நின்றது 1914-இல், அப்போது வயது 49. கதாநாயகனாகக் கடைசிப் படம் 1925. இடையில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள், அவற்றில் பலவற்றை இயக்கியதும் அவரே.

இரண்டு விஷயம் பேசலாம். ஒன்று, "பேசும்படம் வந்து ஹார்ட்டை வீட்டுக்கு அனுப்பியது" என்று பல இடங்களில் எழுதுகிறார்களே, அது சரியா? இரண்டு, புதிதாகப் பார்ப்பவர் எங்கே தொடங்கலாம்?

கொட்டகைவாசி

முதல் கேள்விக்கு ஆண்டுக் கணக்கே பதில். பேசும்பட அலை கிளம்பியது 1927 கடைசியில். ஹார்ட் நிறுத்தியது 1925-இல். குரல் ஒரு காரணமே இல்லை. சொல்லப்போனால் குரல்தான் அவருடைய முதல் சொத்து. இருபது ஆண்டுக்கு மேல் நாடக மேடையில் ஷேக்ஸ்பியர் பேசியவர். 1899-இல் பிராட்வேயில் 'பென்-ஹர்' நாடகம் முதன்முதலாக ஏறியபோது மெசாலா வேஷம் அவருக்குத்தான். 1905-இல் 'தி ஸ்குவா மேன்' நாடகத்தில் கேஷ் ஹாக்கின்ஸ் என்ற முரட்டு வில்லன். அதற்குப் பிறகுதான் மேடையிலேயே கௌபாய் வேஷங்கள் அவரைத் தேடி வந்தன.

அந்தக் குரலை இன்றும் கேட்கலாம். 1939-இல் அந்தக் கடைசிப் படமான 'டம்பிள்வீட்ஸ்' படத்தை மறுபடி வெளியிட்டபோது, முன்னால் சுமார் எட்டு நிமிடப் பேச்சு ஒன்றைத் தன் பண்ணையிலேயே நின்று எடுத்துச் சேர்த்தார். 74 வயது. மேடை நடிகரின் ஏற்ற இறக்கம் கொஞ்சமும் குறையவில்லை.

குளம்பொலி

அவர் நிஜ கௌபாய் என்று படித்த ஞாபகம். அது எவ்வளவு உண்மை?

கொட்டகைவாசி

பாதி உண்மை. அப்பாவுக்கு மாவு ஆலை வேலை. வேலை தேடிக் குடும்பம் மேற்கே அலைந்தது. டகோட்டா பகுதியில் சிறுவனாக வளர்ந்தபோது சூ என்ற பூர்வகுடி மக்களின் பிள்ளைகளோடு பழகி அவர்கள் மொழி ஓரளவு பிடிபட்டது, சைகை மொழியும் தெரியும். பிறகு பையனாக இருக்கும்போதே கிழக்கே திரும்பிவிட்டார்கள். மாடு மேய்த்துப் பிழைத்த ஆள் இல்லை அவர். எது எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பார்வைதான் அவரைச் சினிமாவுக்குத் தள்ளியது. நாடகச் சுற்றுப்பயணத்தில் கிளீவ்லாண்டில் ஒரு வெஸ்டர்ன் படம் பார்த்தார். உடை, சேணம், நடத்தை எல்லாமே பிசகு. இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்று நினைத்தார். பழைய நாடக நண்பர் தாமஸ் இன்ஸ் அப்போது கலிபோர்னியாவில் ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போனார்.

சுருள்பெட்டி

இன்ஸின் அந்த ஸ்டூடியோ, இன்ஸ்வில், பற்றி ஒரு வரி. கல்வர் சிட்டி ஸ்டூடியோவோடு அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்ஸ்வில் இருந்தது சாண்டா மோனிகாவுக்கு மேலே சாண்டா யினஸ் பள்ளத்தாக்கில், சன்செட் பூல்வார்ட் கடற்கரைச் சாலையைத் தொடும் இடம். 1911 முதலே மில்லர் சகோதரர்களின் 101 ராஞ்ச் காட்சிக் குழுவை இன்ஸ் வாடகைக்கு அமர்த்தியிருந்தார்: கௌபாய்கள், குதிரைகள், வண்டிகள், சூ மக்கள் எல்லாம் சேர்த்து. ஹார்ட் வந்து இறங்கியபோது, சேணத்திலிருந்து வண்டிச் சக்கரம் வரைக்கும் புழங்கிய சாமான் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் படங்களில் உடையும் ஊரும் புழுதியும் நிஜமாகத் தெரிகிறதென்றால் அதில் பாதிப் பெருமை இந்த ஏற்பாட்டுக்கு.

முதலில் இரண்டு ரீல் படங்களில் வில்லன் (ஒரு ரீல் என்பது சுமார் கால் மணி நேரம்). அதே ஆண்டு 'தி பார்கெயின்', ஐந்து ரீல், ரெஜினால்ட் பார்க்கர் இயக்கம், கிராண்ட் கேன்யனில் எடுத்த காட்சிகள் உண்டு. படம் நன்றாக விலை போன செய்தி ஹார்ட் காதுக்கு வரும் முன்பே, நடிப்பும் இயக்கமும் சேர்த்து வாரம் 125 டாலர் என்று இன்ஸ் கையெழுத்து வாங்கிவிட்டார் என்பது ஹார்ட் தரப்புக் கணக்கு. இரண்டு பேருக்கும் பின்னால் வந்த பகைக்கு விதை இங்கேதான்.

நைட்ரேட்வாசம்

நடிப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. மற்றவர்கள் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஹார்ட் அசையாமல் நின்றவர். நீண்ட தாடை, குறுகிய கண், முகத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கண் மட்டும் வேலை செய்யும். மேடையில் இருபது ஆண்டு நின்ற ஆளுக்கு, எப்போது ஒன்றும் செய்யக்கூடாது என்பது தெரிந்திருக்கிறது.

இதில் ஃபிலிமுக்கும் பங்கு உண்டு. அன்றைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் நீலத்தையும் பச்சையையும் பிடிக்கும், சிவப்பை அறவே பிடிக்காது. சிவப்பான எதுவும் கறுத்துவிடும்: உதடு, வெயிலில் சிவந்த தோல் எல்லாம். நீல வானம் வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்துவிடும், மேகம் தெரியாது. வெளிர் கண் உள்ளவருக்குக் கருவிழி கண்ணாடி போல வெளுத்து, பார்வை குத்துகிற மாதிரி விழும். ஹார்ட்டின் அந்த முறைப்பு பாதி நடிப்பு, பாதி ரசாயனம்.

ஒளிப்பதிவாளர் ஜோசப் ஆகஸ்ட் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். வானம் எப்படியும் வெள்ளைதான் என்று தெரிந்ததால், அந்த வெள்ளைக்கு முன்னால் புழுதியையும் புகையையும் கறுத்த உருவங்களையும் நிறுத்துவார். 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' படத்தின் கடைசி ரீல் அதற்குச் சாட்சி.

குளம்பொலி

அந்தக் கடைசி ரீலைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்களேன்.

நைட்ரேட்வாசம்

1916, டிரையாங்கிள் கம்பெனி வெளியீடு, கதை சி. கார்ட்னர் சல்லிவன், இயக்குநராகப் பெயர் போட்டவர் சார்ல்ஸ் ஸ்விக்கார்ட். மன உறுதி இல்லாத ஓர் இளம் பாதிரியாரைத் தங்கையோடு ஒரு போக்கிரி ஊருக்கு அனுப்புகிறார்கள். அவரை விரட்டச் சலூன்காரன் சில்க் மில்லர் அமர்த்தும் துப்பாக்கி ஆள் பிளேஸ் டிரேசி, அதாவது ஹார்ட். தங்கையின் முகத்தைப் பார்த்த இடத்திலேயே ஆள் மாறிவிடுகிறான். பாதிரியாரோ குடித்து விழுந்து, தான் கட்டிய தேவாலயத்தைக் கொளுத்தும் கும்பலோடு தானே சேர்ந்து, அங்கேயே சாகிறார்.

டிரேசி திரும்பி வருகிறான். சலூன் கதவைத் திறந்து இரண்டு துப்பாக்கியோடு உள்ளே நிற்கிறான். மில்லரைச் சுட்டுவிட்டு ஒரு கணம் ஒன்றுமே செய்வதில்லை. பிறகு கூட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே தொங்கும் விளக்குகளைச் சுடுகிறான். எண்ணெய் வழிந்து தீப்பிடிக்கிறது. கூட்டம் முட்டிமோதி வெளியே ஓட, ஊர் முழுக்க எரிகிறது. கேமரா தூரத்துக்குப் போய்விடுகிறது, மனிதர்கள் எறும்பு அளவுக்குக் கறுப்பாக ஓடுகிறார்கள், பின்னால் புகை மலை மாதிரி எழுகிறது. செட் ஊரை நிஜமாகவே கொளுத்தி எடுத்தது. மறுபடி எடுக்க வழியில்லை.

இந்த ரீலைக் கறுப்பு வெள்ளையில் பார்த்துவிட்டு "சுமார்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலப் பிரிண்டுகளில் தீக்காட்சிகளைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துத் திரையிடுவது வழக்கம், இரவுக்கு நீலம், உள்ளறைக்கு மஞ்சள். பின்னாளில் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு மாற்றியபோது சாயம் போய்விட்டது. இரவு என்று போட வேண்டிய காட்சி பட்டப்பகலாகத் தெரிந்தால் காரணம் இதுதான், இயக்குநரின் பிழை அல்ல.

மாற்றுக்கருத்து

கதையைப் பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். உடை, புழுதி, ஊர் எல்லாம் நிஜம்தான். ஆனால் கதை? கெட்டவன் ஒரு நல்ல பெண்ணின் முகத்தைப் பார்க்கிறான், மனம் திரும்புகிறான். இதையே முப்பது படத்துக்கு மேல் செய்திருப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடை மெலோடிராமாவுக்குத் தோல் சட்டை மாட்டிய கதை அது. "யதார்த்த வெஸ்டர்ன்" என்ற பட்டத்தை அப்படியே கொடுத்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1916-இல் வந்த 'தி ஆரியன்' தலைப்பிலேயே இனப்பெருமை பேசுகிற படம். 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' படத்தில் காட்சிகளுக்கு இடையே எழுத்தாக வரும் டைட்டில் கார்டுகளில் மெக்சிகோக்காரர்களை இழிவாகச் சொல்லும் வரி இருக்கிறது. சூ மொழி தெரிந்தவர், அந்த மக்களைக் கடைசிவரை மதித்தவர் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

நைட்ரேட்வாசம்

'ஆரியன்' பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கதை அச்சு பற்றியும் மறுப்பில்லை. ஆனால் "நல்ல கெட்டவன்" என்ற அந்த அச்சை முதலில் வார்த்தவர் பிராங்கோ பில்லி ஆண்டர்சன். 'எஸ்ஸனே' என்ற படக் கம்பெனியின் பெயரில் வரும் 'எஸ்', 'ஏ' இரண்டில் 'ஏ' அவர்தான். அவருடையது பெரும்பாலும் ஒன்றிரண்டு ரீல், கிட்டத்தட்ட வாரம் ஒரு படம். ஹார்ட் அதை ஐந்து ரீலுக்கு நீட்டி, மனம் திரும்பும் இடத்துக்கு நேரம் கொடுத்தார். வேறுபாடு நேரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் ஓடும் வேகம் தவறினால் ஹார்ட் படம் செத்துவிடுகிறது. டாம் மிக்ஸ் படம் கொஞ்சம் வேகமாக ஓடினாலும் தாங்கும்.

ஆபரேட்டர்ரூம்

வேகம் என்று வந்ததால் கணக்கைப் போட்டுவிடுகிறேன், பிரதி வாங்குபவருக்கு உதவும்.

35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். கைப்பிடியைச் சுற்றும் கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. நடைமுறையில் ஹார்ட் காலத்தில் 18, 20 என்று மேலேயும் போகும். ஒரு முழு ரீல் 1,000 அடி. 16 ஃபிரேம் வேகத்தில் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 20-இல் 13 நிமிடம் 20 நொடி. பேசும்பட வேகமான 24-இல் 11 நிமிடம் சொச்சம். ஐந்து ரீல் படம் 24-இல் ஓடினால் 55 நிமிடத்தில் முடிந்துவிடும், ஆட்கள் பொம்மை மாதிரி துள்ளுவார்கள். ஹார்ட் துப்பாக்கியை எடுக்குமுன் நிற்கிற நிற்பு மூன்று நொடி என்றால் இரண்டு, இரண்டரை நொடிதான் மிஞ்சும்.

கையில் இருக்கும் வீடியோவைச் சோதிக்க: பிளேயரில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். வி.எல்.சி.யில் 'ஈ' விசை. ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமும் முந்தையதே திரும்ப வந்தால் அது 16-லிருந்து 24-க்கு இழுத்தது. நான்காவது திரும்பினால் 18-லிருந்து. ஆறாவது திரும்பினால் 20-லிருந்து. இவற்றில் வேகம் சரி, ஆனால் ஓட்டத்தில் ஒரு சின்னத் திக்கல் தெரியும். எதுவுமே திரும்பாமல் 24-இல் ஓடி, நடப்பவர்கள் துள்ளினால், வேகத்தை 0.75-க்கோ 0.83-க்கோ குறையுங்கள். முதலாவது 18 ஃபிரேமுக்குச் சமம், இரண்டாவது 20-க்கு. பின்னணி இசை கெட்டுப்போகும், அணைத்துவிடுங்கள்.

எது சரி என்று முடிவு செய்யத் துரத்தல் காட்சியைப் பார்க்காதீர்கள். துரத்தலில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்து வேகம் கூட்டுவார்கள். ஒருவர் குதிரையிலிருந்து இறங்கி நடந்து வந்து கதவைத் திறக்கும் சாதாரண ஷாட்டை வைத்து முடிவு செய்யுங்கள்.

இன்னொரு கோளாறு இடது ஓரம். மௌனப்படத்தில் பிம்பம் ஃபிலிமின் முழு அகலத்துக்கும் இருக்கும். அதைப் பேசும்பட அளவில் பிரிண்ட் போட்டால் ஒலிப்பட்டை வரும் இடது பக்கம் வெட்டுப்படும். கண்டுபிடிக்க எளிய வழி டைட்டில் கார்டு: எழுத்து நடுவில் இல்லாமல் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் வெட்டுப்பட்ட பிரதி.

குளம்பொலி

நன்றி அண்ணே, இதை ஒரு தாளில் குறித்து வைக்கிறேன். என் பங்குக்குக் குதிரையைப் பற்றி. ஃபிரிட்ஸ் என்ற அந்தக் குதிரை 'பின்டோ' வகை, செம்பழுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக. மேலே சொன்ன ஃபிலிம் கணக்குப்படி செம்பழுப்பு நன்றாகக் கறுத்து வெள்ளை பளிச்சென்று நிற்கும். எவ்வளவு தூரத்து ஷாட்டிலும் ஹார்ட் எங்கே என்று தேட வேண்டியதில்லை. கூட்டத்தில் ஃபிரிட்ஸைப் பார்த்தால் போதும். படுத்துக்கொண்டு, தன் உடம்புக்கு மேலே துப்பாக்கி வைத்துச் சுட்டாலும் அசையாமல் கிடக்கப் பழக்கப்பட்டது.

1917-இல் 'தி நேரோ டிரெயில்' முடிந்த பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் அது திரையில் இல்லை. குதிரைக்கு நோய் எதுவும் இல்லை. இன்ஸோடு பணத் தகராறு, அவர் பெயரில் வரும் படத்தில் ஃபிரிட்ஸ் கிடையாது என்று ஹார்ட் நிறுத்திவிட்டார். திரும்பி வந்தது 1920-இல் 'சாண்ட்' படத்தில்.

'சிங்கர் ஜிம் மக்கீ' படத்தில் குதிரையும் ஆளும் பள்ளத்தில் உருளும் காட்சிக்குக் குதிரை பொம்மை செய்து கம்பியில் நிறுத்தி எடுத்தார்கள். பார்த்தவர்கள் நிஜக் குதிரையை வதைத்தார் என்று புகார் சொல்ல, படத் துறையின் நடத்தையைக் கவனித்துவந்த வில் ஹேஸ் அலுவலகத்துக்குப் போய் எப்படி எடுத்தது என்று விளக்க வேண்டியிருந்தது. ஃபிரிட்ஸ் 1938-இல் இறந்து நியூஹாலில் ஹார்ட்டின் பண்ணையிலேயே புதைக்கப்பட்டது.

சுருள்பெட்டி

இப்போது முடிவுக்கு வருவோம். 1917-இல் இன்ஸோடு சேர்ந்தே டிரையாங்கிளிலிருந்து வெளியேறி, அடால்ஃப் சூக்கரின் ஆர்ட்கிராஃப்ட்-பாரமவுண்ட் பக்கம் வந்தார். 1919 ஜனவரியில் சாப்ளின், பிக்ஃபோர்ட், ஃபேர்பாங்க்ஸ், கிரிஃபித் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கப் பேசியபோது ஐந்தாவதாக ஹார்ட்டும் இருந்தார். சூக்கர் படத்துக்கு 2 லட்சம் டாலர் என்று நீட்ட, அங்கேயே தங்கிவிட்டார். சொந்தக் கம்பெனியில் 'தி டோல் கேட்' வந்தது 1920-இல், இயக்கம் லாம்பர்ட் ஹில்யர். அவரது உச்சம் என்றே அதைச் சொல்வேன்.

அதே நேரம் ஃபாக்ஸ் கம்பெனியில் டாம் மிக்ஸ் ஏறிக்கொண்டிருந்தார். மினுக்கும் சட்டை, டோனி குதிரை, ரயில் மேல் தாவல், சிரிப்பு. போர் முடிந்த பிறகு வந்த இளம் ரசிகர்களுக்குப் பாவமும் மனந்திரும்பலும் வேண்டியிருக்கவில்லை. 1922-இல் பஸ்டர் கீட்டன் 'தி ஃப்ரோசன் நார்த்' படத்தில் ஹார்ட்டை அச்சு அசலாக நக்கல் செய்தார், கண்ணீர் உட்பட. ஊரே அடையாளம் கண்டு சிரிக்கிற அளவுக்குப் பாணி பழகிவிட்டது. அதே 1922-இல் திருமணமும் சில மாதங்களில் முறிந்தது.

1923-இல் 'வைல்ட் பில் ஹிக்காக்' என்று திரும்பினார். பழைய மேற்கின் புகழ்பெற்ற காவல் அதிகாரி வயாட் எர்ப் உயிரோடு இருக்கும்போதே அவரை ஒரு பாத்திரமாகத் திரையில் காட்டிய படம் அது. எர்ப் ஹார்ட்டின் நண்பர், 1929-இல் அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஹார்ட்டும் உண்டு, டாம் மிக்ஸும் உண்டு. அடுத்தது 'சிங்கர் ஜிம் மக்கீ', சரியாகப் போகவில்லை. இனி கதையையும் இயக்குநரையும் கம்பெனிதான் முடிவு செய்யும் என்று பாரமவுண்ட் சொன்னது. ஹார்ட் ஒத்துக்கொள்ளவில்லை. கதை அங்கே முடிந்தது.

மாற்றுக்கருத்து

அதாவது வயதுமில்லை, குரலுமில்லை, கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காததுதான் காரணம் என்கிறீர்கள். வயதுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள் நண்பரே. 'டம்பிள்வீட்ஸ்' எடுக்கும்போது 60. இருபது வயதுப் பெண்ணைக் காதலிக்கும் காட்சிகளில் அது தெரிகிறது.

சுருள்பெட்டி

தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதிரை மேல் ஏறிய பிறகு தெரியவில்லை. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்காகச் செய்த அந்தப் படத்தில், 1893 செப்டம்பர் 16 நண்பகல், பீரங்கி வெடித்ததும் ஓக்லஹோமாவின் செரோக்கி பட்டை என்ற பகுதியில் நிலம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் பாய்ந்த ஓட்டத்தை மறுபடி நடத்தியிருக்கிறார்கள். பீரங்கிக்கு முன்னால் கடிகாரம், வரிசை, குதிரைகள் நிலைகொள்ளாமல் கால் மாற்றுவது என்று மெதுவாக ஏற்றி, பிறகு ஒரே விடுவிப்பு. ஹார்ட் தனியாக ஒரு மேட்டு விளிம்பில் பாய்ந்து வரும் ஷாட் ஒன்று உண்டு. கேமரா தாழ்வில் இருப்பதால் தரையே தெரியாமல், குதிரை வானத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும்.

படத்தை வெளியிட்டவர்கள் சரியாக விற்கவில்லை என்று ஹார்ட் வழக்குப் போட்டார். அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதற்குப் பிறகு கதாநாயகனாக நடிக்கவே இல்லை. 1928-இல் 'ஷோ பீப்பிள்' படத்தில் வில்லியம் ஹார்ட்டாகவே ஒரு நிமிடம் வந்து போனதோடு சரி. 1946 ஜூன் 23-இல் காலமானார். நியூஹால் பண்ணையும் வீடும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார், இன்று பூங்காவும் அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன.

ஆபரேட்டர்ரூம்

பார்க்கும் வரிசைக்கு என் பரிந்துரை: முதலில் 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்', சாயம் திரும்பப் போட்ட பிரதியாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதாகப் பார்த்து எடுங்கள். அடுத்து 'டோல் கேட்'. பிறகு 'டம்பிள்வீட்ஸ்'. 'பார்கெயின்' கடைசியில், நடிகர் எங்கிருந்து கிளம்பினார் என்று ஒப்பிட.

'டம்பிள்வீட்ஸ்' 1939 பிரதியில் இசையும் ஓசையும் சேர்த்திருப்பார்கள். முன்னுரைக்காக மட்டும் அதை வைத்துக்கொண்டு, படத்துக்கு 1925 வடிவத்தைத் தேடுங்கள். வீட்டுத் திரையிடலுக்கென்று 16 மி.மீ.யில் வந்த கோடாஸ்கோப் பிரதிகளில் ரீல் கணக்கில் வெட்டியிருப்பார்கள், ஐந்து ரீல் படம் நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தால் அதிலிருந்து வந்ததாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிரதிகளில் முதலில் போவது நின்று பார்க்கும் ஷாட்டுகள்தான், வெட்டுபவருக்கு அவை "ஒன்றும் நடக்காத" இடம்.

குளம்பொலி

'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' ஒரு பிரதி கிடைத்தது. 64 நிமிடம். டைட்டில் கார்டு நடுவில் நிற்கிறது, ஆறாவது ஃபிரேம் திரும்புகிறது, தீக்காட்சி சிவப்பு. பரவாயில்லையா?

ஆபரேட்டர்ரூம்

20 ஃபிரேமிலிருந்து இழுத்தது, ஓரம் வெட்டுப்படவில்லை, சாயமும் இருக்கிறது. அப்படியே போடுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள்.